வீட்டுக்குள் சைக்கிள் ட்ரெய்னர்: தொந்தரவைச் சொல்லுங்கள், காரணத்தைத் தேடுவோம்

சென்னையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு வருடத்தில் இரண்டு முறை சோதனைக் காலம் வரும். அக்னி நட்சத்திரத்தில் காலை ஏழரை மணிக்கே ஈ.சி.ஆர். தகிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் எது ரோடு, எது பள்ளம் என்று தண்ணீருக்கு மேலே தெரியாது. அப்படி ஒரு மழைக்காலத்தில்தான், சைக்கிளைப் பூட்டி நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் ட்ரெய்னரை நானும் வாங்கினேன். முதல் மாதம் ஓட்டியதைவிட அதைத் திட்டியதுதான் அதிகம். கால் வலிக்கவில்லை, மற்ற எல்லாமே வலித்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சரிசெய்ததில் ஒன்று புரிந்தது. குற்றவாளி பெரும்பாலும் சைக்கிளோ உடம்போ அல்ல, அறை. எந்த இடத்தில் போட்டிருக்கிறோம், காற்று எங்கிருந்து வருகிறது, அடியில் என்ன விரித்திருக்கிறோம் என்பதில்தான் முக்கால்வாசிப் பிரச்சினை.

ட்ரெய்னரில் இரண்டு வகை உண்டு. பின்சக்கரம் இருந்தபடியே இருக்க, டயரை ஓர் உருளைமேல் அழுத்தி ஓட்டுவது ஒன்று. இதை இங்கே உருளை வகை என்கிறேன். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஃபிரேமை நேரே ட்ரெய்னரில் பூட்டி, அதில் உள்ள கேசட்டில் (பல்சக்கர அடுக்கில்) செயினை மாட்டுவது இன்னொன்று. அது டைரக்ட் டிரைவ். கீழே வரும் சில தொந்தரவுகள் முதல் வகைக்கு மட்டும், சில இரண்டாவதுக்கு மட்டும்.

உங்கள் தொந்தரவு எதுவோ அங்கே நேராகப் போய்விடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஃபேன், சீட், பாய் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போய்விடும்.

பத்து நிமிடத்தில் ஆளை அவிக்கிறது. வெளியில் ஓட்டுகிற பாதி வேகம்கூட வரவில்லை

நிறைய பேர் ட்ரெய்னரைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். "வீட்டுக்குள்ள ஓட்டினா எனக்கு ஸ்டாமினாவே இல்ல" என்று தன்னையே நொந்துகொள்வார்கள். ஸ்டாமினாவில் குறையில்லை, காற்றுதான் போதவில்லை.

பெடலில் 150 வாட் கொடுக்கும் ஒருவரின் உடம்பு, அதற்காக 500, 600 வாட் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. உடம்பு சாப்பாட்டிலிருந்து எடுக்கும் சக்தியில் கால்வாசிக்கும் குறைவாகவே பெடலுக்குப் போகிறது. மீதி எல்லாம் சூடுதான். பத்துக்குப் பத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஏழெட்டு குண்டு பல்பை எரியவிட்டால் எப்படி இருக்கும்? அந்த நடுவில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். வெளியில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால், காற்றே இல்லாத நாளிலும் 25 கிலோமீட்டர் வேகக் காற்று மேலே பட்டுக்கொண்டிருக்கும். வீட்டில் அது பூஜ்யம்.

வியர்த்தால் மட்டும் போதாது, அது ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகும். மூக்கு நுனியிலிருந்து பாயில் சொட்டும் வியர்வை எதையும் கொண்டுபோவதில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால், ஃபேன் இல்லாவிட்டால் பெரும்பகுதி சொட்டித்தான் போகும்.

முதலில் சீலிங் ஃபேனை நம்புவதை விடுங்கள். அது தலைக்கு நேர்மேலே இருந்தால், கூரைக்கடியில் தேங்கிய சூடான காற்றையே உச்சந்தலையில் கொட்டும். முன்னால் குனிந்து ஓட்டுகிறவருக்கு முதுகு குளிரும், நெஞ்சும் முகமும் வேகும். தேவைப்படுவது எதிரிலிருந்து நெஞ்சுக்கும் முகத்துக்கும் அடிக்கும் காற்று. பெடஸ்டல் ஃபேன் ஒன்றை முன்சக்கரத்திலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி, ஹேண்டில்பார் உயரத்தில், சுழலவிடாமல் நிலையாக வையுங்கள். சுழலும் ஃபேன் பாதி நேரம் சுவரைத்தான் குளிர வைக்கும். கல்யாண மண்டபங்களில் பார்ப்போமே, அந்த உரத்த சத்தம் போடும் பெரிய ஃபேன், அது கிடைத்தால் இன்னும் நல்லது. வீட்டில் உள்ளவர்கள் தூங்குகிற நேரத்தில் ஓட்டுகிறவர்களுக்கு அதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

அடுத்து, அந்த ஃபேனுக்கு நல்ல காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி ஃபேனை வைத்தால் வெளிக்காற்றை இழுத்துத் தரும். சைக்கிளைச் சுவர் பார்க்க நிறுத்தியிருந்தால் ஜன்னல் பார்க்கத் திருப்புங்கள். எதிர்ப்பக்கம் கதவைத் திறந்து வைத்தால்தான் காற்று ஓடும். இந்த ஒரு திருப்பலுக்குச் செலவு எதுவும் இல்லை. என் விஷயத்தில் மொத்த வீட்டுப்பாடத்திலும் பெரிய பலன் இதில்தான் கிடைத்தது.

ஏசி போடலாமா? தாராளமாக. ஒரு டன் ஏசி மூன்றரை கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும், உங்கள் 600 வாட் அதற்குத் தூசு. ஆனால் ஏசி அறைக் காற்றைக் குளிர வைக்கும், உங்கள் மேல் வேகமாக வீசாது. அதனால் 26, 27 டிகிரியில் வைத்து, கூடவே பெடஸ்டல் ஃபேனையும் போடுங்கள். சாதாரண ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருப்பதையே சுற்றவிடும். ஒரு மணி நேரம் மூச்சிறைக்க ஓட்டிவிட்டுத் தலை கனக்கிறது என்றால் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துப் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கடைசி அரைமணியில் சோர்ந்துவிடுகிறீர்கள் என்றால் தண்ணீர்க் கணக்கைப் பார்க்க வேண்டும். ஓட்டுவதற்கு முன்னும் பின்னும், உடம்பைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் போயிருக்கிறது. நடுவில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். உப்பும் சேர்ந்து போவதால் வெறும் தண்ணீரைவிட உப்புப் போட்ட நீர்மோர் எனக்கு ஒத்துவருகிறது. ஆனால் அதை ஓட்டி முடித்துவிட்டுக் குடியுங்கள். ஓட்டும்போது பாட்டிலில் மோர் வைத்திருந்து, அதைக் கழுவ மறந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

தலைசுற்றல், உடம்பு சில்லிடுவது, வியர்வை திடீரென நிற்பது, குழப்பம் இவற்றில் எது வந்தாலும் ஃபேனைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டாம். இறங்கிவிடுங்கள், குளிர்ந்த இடத்துக்குப் போங்கள், வீட்டில் ஒருவரைக் கூப்பிடுங்கள்.

கீழ்வீட்டில் இருந்து புகார் வருகிறது

எங்கள் கீழ்வீட்டு அம்மா ஒருநாள் மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார்: "ஏன் தம்பி, தினமும் விடியறதுக்கு முன்னாடியே மாவு ஆட்டறீங்களா?" எனக்கு முதலில் புரியவேயில்லை. என் காதுக்கு ட்ரெய்னர் சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை, ஃபேன் சத்தத்தில் அது அமுங்கிவிடும். அவர் வீட்டில் போய் நின்று, மேலே என் தம்பியை ஓட்டச் சொல்லிக் கேட்டபோதுதான் தெரிந்தது. கிரைண்டரேதான்.

சத்தம் இரண்டு வழியில் போகிறது. காற்றில் போவது ஒன்று. அது உங்கள் வீட்டுக்காரர்களுக்கு. ட்ரெய்னரின் கால்கள் வழியாகத் தரைக்குள் இறங்கும் அதிர்வு இன்னொன்று, அது கீழ்வீட்டுக்கு. இரண்டுக்கும் மருந்து வேறு. அமைதியான டைரக்ட் டிரைவ் வாங்கினால் முதலாவது வெகுவாகக் குறையும், இரண்டாவது முழுக்கப் போய்விடும் என்று நினைக்க வேண்டாம்.

முதல் வேலை, இடம் மாற்றுவது. கான்கிரீட் தளம் ஓரங்களில் பீம்மேல் உட்கார்ந்திருக்கும், நடுவில்தான் அதிகம் அதிரும். ஹால் நடுவில் கம்பீரமாக நிறுத்தியிருந்த சைக்கிளை நான் படுக்கையறை மூலைக்குக் கொண்டுபோனேன். சுவரில் எதுவும் உரசாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். உரசினால் சுவரும் பாட ஆரம்பிக்கும். நிறுத்தப்போகும் இடத்தில் டைல்ஸைத் தட்டிப் பாருங்கள். டொக் டொக்கென்று உள்ளே வெற்றாகக் கேட்டால் அந்த டைலுக்கடியில் கலவை பிடிக்கவில்லை. அது சத்தத்தைப் பெருக்கும், ஒருநாள் விரிசலும் விடும்.

அப்புறம் விரிப்பு. யோகா பாய் வியர்வையைப் பிடிக்கும், அவ்வளவுதான். அதிர்வுக்கு அது காகிதம். குழந்தைகள் விளையாட மாட்டிமாட்டி விரிக்கும் ஃபோம் பாயும் ட்ரெய்னர் காலடியில் நசுங்கி, சைக்கிளைத் தள்ளாட வைக்கும். கனமான ரப்பர் ஷீட், 10 மில்லிமீட்டருக்குக் குறையாமல், வாங்குங்கள். அது மட்டும் போதவில்லை என்றால் அதன்மேல் 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை, அதன்மேல் இன்னொரு ரப்பர். பலகை எடையைப் பரப்பிவிடும், ரப்பர் அதிர்வை விழுங்கும்.

இதற்கும் மசியாத வீடுகளுக்கு டென்னிஸ் பந்து வைத்தியம் உண்டு. இரண்டு பிளைவுட் பலகைகள், நடுவில் இருபது பந்துகள். பந்தின் விட்டம் ஆறரை சென்டிமீட்டருக்குச் சற்று மேலே. பலகையில் ஐந்து சென்டிமீட்டர் ஓட்டைகள் போட்டால் பந்து ஓடாமல் கொஞ்சம் அமுங்கி உட்காரும். பந்துக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. தெருவில் கிரிக்கெட் ஆடும் பையன்களிடம் மொட்டையான பந்துகள் மூட்டை மூட்டையாக இருக்கும். முன்சக்கரமும் அதே பலகைமேல் வர வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள், இல்லாவிட்டால் சைக்கிள் பின்னால் தூக்கிக்கொண்டு நிற்கும். ஏறி இறங்க ஒரு முக்காலியும் வேண்டும்.

உருளை வகையில் டயரே பாதிச் சத்தம். மலைப் பாதை சைக்கிளின் குமிழ் டயரோடு உருளைமேல் ஓட்டுவது லாரி போவது மாதிரி இருக்கும். வழவழப்பான டயர் மாற்றினாலே அறையில் பேச்சு கேட்கும்.

கீழ்வீட்டம்மாவிடம் நேரம் கேட்டுக்கொண்டதும் இந்த வைத்தியத்தில் சேர்த்தி. ஆறரைக்கு மேல் என்றால் அவருக்குப் பரவாயில்லையாம், அந்த நேரம் அவர் மிக்ஸி ஓடுகிறது.

உள்ளங்கையும் சுண்டுவிரலும் மரத்துப்போகின்றன

ஒரு டேப்பை எடுத்துத் தரையிலிருந்து முன் அச்சுவரை, பின் அச்சுவரை அளந்து பாருங்கள். உருளை வகையில் பின்சக்கரம் சில சென்டிமீட்டர் தூக்கப்பட்டிருக்கும். முன்சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுக்காவிட்டால் நாள் முழுக்க இறக்கத்தில் ஓட்டுகிற மாதிரி, உடம்பு எடை கைகளில் விழும். அதற்கென்று விற்கும் பிளாஸ்டிக் கட்டை வாங்கலாம். அகலமான மரக்கட்டையில் பள்ளம் வெட்டியும் வைக்கலாம். இரண்டு அச்சும் ஒரே உயரத்தில் வந்தால் சரி. ரசமட்டம் எதுவும் வேண்டாம். டைரக்ட் டிரைவில் பெரும்பாலும் கட்டை தேவைப்படாது, ஆனாலும் ஒருமுறை அளந்து பார்ப்பதில் நஷ்டமில்லை.

அளவு சரியாக இருந்தும் மரத்துப்போகிறது என்றால், சீட் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் வழுக்கி வழுக்கி முன்னால் வருவீர்கள், அதைக் கைதான் தாங்கும்.

உட்காரவே முடியவில்லை

இதே சீட்டில் வெளியில் மூன்று மணி நேரம் ஓட்டியிருப்பீர்கள். வீட்டில் நாற்பது நிமிடத்தில் அடி மரத்துவிடும். ரோட்டில் சிக்னல், மேடு, பள்ளம் என்று நாம் அறியாமலே எழுந்துகொண்டிருக்கிறோம்; சைக்கிளும் நமக்கடியில் இருபக்கமும் லேசாக ஆடுகிறது. ட்ரெய்னரில் அது ஆணியடித்தது போல நிற்கும், ஒரே இடத்தில் அழுத்தம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெரிய கியருக்கு மாறி, அரை நிமிடம் எழுந்து நின்று மிதியுங்கள். மேலே சொன்ன டென்னிஸ் பந்துப் பலகை சத்தத்துக்கென்று செய்தது. அது லேசாக ஆடுவதால் இந்த வலியும் குறைந்தது எனக்கு எதிர்பாராத லாபம்.

பேட் வைத்த ஷார்ட்ஸ் வீட்டிலும் வேண்டும், உள்ளாடை இல்லாமல். "வீட்டுக்குள்ளதானே" என்று பெர்முடாஸோடு ஏறுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தப்பு. இறங்கியதும் கழற்றிவிட்டுக் குளித்துவிடுங்கள். ஈர ஷார்ட்ஸோடு போன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் கொப்புளமும் படையும் நிச்சயம். மழைக்காலத்தில் ஒரு ஜோடி காயவே காயாது என்பதால் இரண்டாவது ஜோடி ஆடம்பரம் அல்ல. இறங்கிய பிறகும் மரப்பு நீடித்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

சைக்கிள் துருப்பிடிக்கிறது, ஹேண்டில்பாரில் வெள்ளைப் பொடி

ரோட்டில் வியர்வை பின்னால் பறந்துவிடும். வீட்டில் அது நேராக ஹேண்டில்பாரின் நடுப்பகுதியிலும் அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளிலும் அதற்குக் கீழே உள்ள பேரிங்கிலும்தான் விழும். உப்புத்தண்ணீர், கடற்கரையில் நிறுத்திய மாதிரி. ஒரு வருடம் கழித்து ஹேண்டில்பாரில் சுற்றிய டேப்பைப் பிரித்தபோது அலுமினியக் குழாயில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் பொடி. துடைத்துப் பார்த்தேன், அடியில் அரித்த குழிகள். அந்த ஹேண்டில்பாரைத் தூக்கிப் போட்டுவிட்டேன். நீங்களும் குழி கண்டால் தயங்காதீர்கள். அது ரோட்டில் முறியும், வீட்டில் அல்ல.

தடுப்பது சுலபம். ஹேண்டில்பாரிலிருந்து சீட் குழாய்வரை ஒரு ஈரிழைத் துண்டைக் குறுக்கே போடுங்கள்; தடிமனான டர்க்கி டவலைவிட அது சீக்கிரம் உறிஞ்சும், சீக்கிரம் காயும். ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். உலர்ந்த துணி மட்டும் உப்பை எடுக்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை டேப்பைப் பிரித்துப் பாருங்கள், போல்ட்டுகளுக்குக் கொஞ்சம் கிரீஸ் வையுங்கள்.

டயர் வழுக்குகிறது, தரையெல்லாம் கரித்தூள்

உருளை வகைக்கு மட்டும். டயரில் காற்று குறைவு, அல்லது உருளை அழுத்தம் போதவில்லை. ஒவ்வொரு முறையும் காற்றை ஒரே அளவுக்கு அடித்துவிட்டு, பின்சக்கரத்தைக் கையால் வெடுக்கென்று சுற்றிப் பாருங்கள். உருளைமேல் வழுக்கக் கூடாது. புது டயரில் பளபளப்புப் பூச்சு இருந்தால் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். ஸ்மார்ட் ட்ரெய்னர் (ஆப்போடு இணைந்து வாட் காட்டுவது) என்றால் பத்து நிமிடம் ஓட்டிச் சூடான பிறகு அளவீட்டைச் சரிபாருங்கள். குளிர்ந்த டயரில் செய்தால் வாட் கணக்கு பொய் சொல்லும்.

கியர் கடகடக்கிறது, செயின் தாவுகிறது

டைரக்ட் டிரைவில் ட்ரெய்னரின் கேசட்டும் உங்கள் சக்கரத்தின் கேசட்டும் ஒரே இடத்தில் உட்காராது. முதலில் பல்சக்கரங்களின் எண்ணிக்கை ஒன்றுதானா என்று எண்ணுங்கள். 11 ஸ்பீடுக்கான கேசட் மாட்டும் உருளையில் 8, 9, 10 ஸ்பீடு கேசட் மாட்டினால் பின்னால் 1.85 மில்லிமீட்டர் வளையம் ஒன்று வைக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் கேசட் லொடலொடக்கும். அதுவும் சரி என்றால் டிரேலியரின் (செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் கருவி) கேபிள் திருகைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்புங்கள். எத்தனை சுற்று என்று எழுதி வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை வெளியில் போகும்போது அதே அளவு திருப்ப வேண்டிவரும்.

டிஸ்க் பிரேக் சைக்கிளில் பின்சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் பேடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகிவிடுங்கள். பழக்கதோஷத்தில் விரல் பிரேக்கை அழுத்தும். உள்ளே டிஸ்க் இல்லாததால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும். அதைப் பிரிக்க நான் ஒரு ஞாயிறு காலையை இழந்திருக்கிறேன்.

திரையில் உள்ள ஆள் திடீரென்று நின்றுவிடுகிறான்

நீங்கள் மிதிக்க மிதிக்கத் திரையில் ஓர் உருவத்தை ஓட்டிக்காட்டும் ஸ்விஃப்ட் (Zwift, காரைச் சொல்லவில்லை) போன்ற ஆப்களில் நீங்கள் மிதித்துக்கொண்டே இருக்க, திரையில் உள்ளவர் ஓரமாக நின்றுவிடுவார். புளூடூத் அறுந்திருக்கிறது. உங்கள் போனிலும் லேப்டாப்பிலும் ஒரே நேரத்தில் ஆப் திறந்திருந்தால், போன் முதலில் ட்ரெய்னரைப் பிடித்துக்கொண்டிருக்கும். போனில் மூடுங்கள். புளூடூத்தும் பழைய வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுவதால் லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள். யூஎஸ்பி ரிசீவர் வைத்திருப்பவர்கள் அதை ஒரு நீட்டிப்பு வயரில் மாட்டி ட்ரெய்னர் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள். நடுவில் இருக்கும் உங்கள் உடம்பே பெரிய தடுப்பு. அதில் பாதிக்கு மேல் தண்ணீர்.

ஆள் நிற்கவில்லை, ஆனால் பெடல் சேற்றில் மாட்டிய மாதிரி இறுகிவிட்டது என்றால் அது வேறு. ட்ரெய்னர் 150 வாட்டைப் பிடித்து வைக்கும் முறையில் ஓடுகிறது. மிதிப்பு நிமிடத்துக்கு 90 சுற்றிலிருந்து 60க்கு இறங்கினால், அதே வாட்டுக்காக அது ஒன்றரை மடங்கு இறுக்கும். இறுக்கினால் இன்னும் இறங்குவீர்கள். முக்கி மிதிக்காதீர்கள். சில விநாடி மிதிப்பதை நிறுத்தி, அது தளர்ந்ததும் வேகமாகச் சுற்றி ஏறுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில், வியர்வை சொட்டும் இடத்தில் இருக்கிறதா? இப்போதே எடுத்து ஒரு ஸ்டூல்மேல் பின்பக்கமாக வையுங்கள். ஃபிரேமைத் தொட்டால் சுரீர் என்று இருந்தால் எலக்ட்ரீஷியன் வந்து எர்த் பார்க்கும்வரை ஏறவேண்டாம்.

மூன்று வாரமாகச் சைக்கிள்மேல் துணி காய்கிறது

ஓட்டும் எண்ணம் இருக்கிறது, ஆனால் சைக்கிளை எடுத்து, ட்ரெய்னரை விரித்து, ஃபேனை இழுத்து, சார்ஜரைத் தேடி முடிப்பதற்குள் குக்கர் மூன்று விசில் விட்டுவிடும். இதைச் சோம்பேறித்தனம் என்று நான் சொல்லமாட்டேன். 2016 பிப்ரவரி கடைசியில் பந்தயத்தில் கை முறிந்த ஆஸ்திரேலிய வீரர் மேத்யூ ஹேமன், வீட்டு கராஜில் ட்ரெய்னர் ஓட்டியே தேறி, ஏப்ரலில் பாரிஸ்–ரூபே பந்தயத்தை வென்றார். அவருக்கு கராஜ் இருந்தது. நமக்கு பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஆறடிக்கு நாலடி கிடைத்தால் அதிர்ஷ்டம்.

அந்த ஆறடியை நிரந்தரமாக ஒதுக்க முடிந்தால் ஒதுக்கிவிடுங்கள். முடியாவிட்டால் ட்ரெய்னர் கால்களும் ஃபேனும் நிற்கும் இடங்களைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவையுங்கள். ஷூ, துண்டு, சார்ஜர், பிரேக் பிளாஸ்டிக் எல்லாம் ஒரே கூடையில். எனக்கு இப்போது எடுத்து வைக்க நான்கு நிமிடம் ஆகிறது. வீட்டில் குழந்தை இருந்தால் மடித்து வைப்பதுதான் ஒரே வழி. நின்றுபோன மாதிரி தெரியும் ஃப்ளைவீல் (ட்ரெய்னரின் கனமான சுழல்சக்கரம்) இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும், செயினில் விரல் நுழைய ஒரு நொடி போதும்.

துணி காயப்போடுகிறவர்களிடம் சண்டை போட்டு ஜெயிக்க முடியாது. ஹேண்டில்பாரில் வேட்டி, புடவை, பள்ளிச் சீருடை எது வேண்டுமானாலும் தொங்கட்டும். அந்த உப்பு ஊறிய ஈரிழைத் துண்டை மட்டும் அலசி, பால்கனிக் கொடியில் போட்டுவிடுங்கள்.